பன்னிரண்டாவது கல்

பேரீச்சம்பழம் மறுபடியும் வந்தது.

மூக்குக்கு நேராக. மழையில் ஊறி, கொட்டை எடுக்கப்பட்டு.

வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நீட்டிய கை நகரவில்லை. அரை மணிக்கு ஒன்று என்றால் ஒன்றுதான். ஜெசிந்தா அக்காவிடம் பேரம் செல்லாது.

வாயைத் திறந்தாள்.

இருபத்திரண்டு மணி நேரமாக ஓடுகிறாள். பதினொரு மலை முடிந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆட்கள் துணைக்கு ஓடி வந்தார்கள். கடைசி மலைக்கு அக்கா.

இருபத்து நாலு மணி நேரத்துக்குள் பன்னிரண்டு உச்சிகளையும் தொட்டுவிட்டு டீ ஃபாக்டரி வாசலுக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வோர் உச்சியிலும் ஒரு கல் நட்டிருக்கிறது. அதைத் தொடுவதைத் துணைக்கு வந்தவர் கண்ணால் பார்த்து, சாட்சித்தாளில் ஒரு கோடு போட வேண்டும்.

ஓடுபவர் எதையும் சுமப்பதில்லை. அது வழக்கம். தண்ணீர், உப்பு, மழைக்கோட்டு எல்லாம் துணையின் முதுகில். பாட்டிலைக்கூட அக்கா அவள் கையில் கொடுக்கவில்லை. பிள்ளைக்குப் புகட்டுவதுபோல் புகட்டிவிட்டு மூடி போட்டுக்கொண்டாள்.

அதுவே பாதி எரிச்சல்.

மீதி போன வருடத்தது.

போன வருடமும் இதே ஆடி மழை, இதே மலை, இதே அக்கா. மூடுபனிக்குள் கல்லைத் தொட்டாள். அக்கா கோடு போட்டாள். ஃபாக்டரி வாசலில் மாலையும் போட்ட பிறகு அக்கா மெதுவாக ஆரம்பித்தாள். அந்தக் கல்லில் ஏதோ நம்பர் இருந்த மாதிரி இருந்ததாம். உச்சிக்கல்லில் நம்பர் கிடையாதாம். தொட்டது வனத்துறையின் எல்லைக்கல்லோ என்று இறங்கி வரும்போதே ஒரு யோசனையாம்.

போட்ட கோட்டை அக்காவே அடித்தாள்.

மாலையைக் கழற்றினார்கள்.

அன்றிலிருந்து எஸ்டேட்டில் அவளுக்குப் பெயர் பதினொண்ணு. கொழுந்து மூட்டையோடு எடைக் கொட்டகைக்கு வந்தால், பதினொண்ணு வருது, வழி விடு என்பார்கள். தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதும் இதே அக்காதான். மழை இலை என்றால் ஈரத்துக்கென்று ஒரு கிலோ கழிப்பாள். கூடப் பிறந்த தங்கையின் மூட்டைக்கும் கழிப்பாள்.

அதனால்தான் இந்த வருடமும் துணைக்கு அக்காவையே கூப்பிட்டாள். அக்கா போட்ட கோட்டை யாரும் கேள்வி கேட்க முடியாது.

முன்னால் போன அக்கா வழுக்கி விழுந்தாள்.

கணுக்கால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. கால் ஊன்ற முடியவில்லை. உச்சி கூப்பிடு தூரம்தான். ஆனால் பனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

போய்த் தொட்டுவிட்டு வா என்றாள் அக்கா.

போனாள். தொட்டாள். நாலு பக்கமும் விரலால் தடவினாள். நம்பர் இல்லை. வெறும் பாசி. காற்று கீழே தள்ளப் பார்த்தது.

வந்து சொன்னாள். நகத்திலிருந்த பாசியைக் காட்டினாள்.

பென்சில் அக்காவின் காதிலேயே இருந்தது.

"நான் பாக்கலையே," என்றாள் அக்கா.

கெஞ்சிப் பார்த்தாள். திட்டிப் பார்த்தாள். போன வருடத்து மாலையைச் சொல்லிக்காட்டினாள். அக்கா எதையும் மறுக்கவில்லை. நீ தொட்டிருப்பாய், எனக்குச் சந்தேகமே இல்லை என்றாள். ஆனால் தாளில் எழுதுவது சந்தேகம் இல்லாததை அல்லவாம், பார்த்ததையாம்.

பிறகு, அரை மணி ஆகிவிட்டது என்று பேரீச்சம்பழத்தை நீட்டினாள்.

இன்னும் ஒரு மணி பத்து நிமிடம் இருந்தது. ஃபாக்டரிக்கு இறங்க ஐம்பது நிமிடம் பிடிக்கும்.

பழத்தைத் தட்டிவிட்டாள். திரும்பி முதுகைக் காட்டிக் குனிந்தாள்.

"ஏறுங்கக்கா."

அக்கா வழக்கத்தை ஞாபகப்படுத்தத் தொடங்கினாள். ஓடுபவர் எதையும்...

இரண்டு கையையும் பிடித்து இழுத்து ஏற்றிக்கொண்டாள்.

தினமும் மூட்டை சுமக்கிற முதுகுதான். ஆனால் மூட்டை பேசாது. இது, அந்தப் பாறை வழுக்கும், இந்தப் பக்கம் மிதி என்று வழியெல்லாம் காதுக்குள் பேசியது.

உச்சியில் முட்டி போட்டாள். கல்லைத் தொட்டாள்.

அவள் தோளுக்கு மேலாக இன்னொரு கை வந்தது. கல்லை நாலு பக்கமும் நிதானமாகத் தடவியது.

தாளை அவள் முதுகில் வைத்துத்தான் அக்கா எழுதினாள். தோள்பட்டைக்கு நடுவே பென்சில் அழுத்தியது.

ஒரு கோடு.

பென்சில் நிற்கவில்லை. இன்னும் எழுதியது.

இன்னும் என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள்.

"ஓடுறவ சுமந்தா எழுதணும்ல. அறுபத்திரெண்டு கிலோ."

பென்சில் கொஞ்சம் யோசித்தது.

"ஈரத்துக்கு ஒண்ணு கழிச்சிட்டேன்."

அக்காவைக் கல்லில் சாய்த்து உட்காரவைத்தாள். மழைக்கோட்டைப் போர்த்தி, விசிலை எடுத்து வாயருகே கொடுத்தாள். ஊதினால் அடிவாரத்து ஜீப்பிலிருந்து ஆட்கள் ஏறி வருவார்கள். தாளைக் கேட்டாள். ஓடுபவர் அதையும் சுமக்கக் கூடாதாம், ஜீப்பில் வருமாம்.

ஓடினாள்.

பின்னால் விசில் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

பாதி இறக்கத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதுவும் எரிச்சலாக இருந்தது.