கோப்பு நிறைந்த பிறகு

இரண்டு ஜிபியில் ஒலிப்பதிவுக் கோப்பு நின்றுபோயிருந்தது.

அதன் கடைசித் துண்டைப் பதிவு மேசையில் இருந்தவள் ஓடவிட்டாள். விசாரணை அறையில் சீனியம்மாளின் பழைய குரல் எழுந்தது.

"ஓடிப் போயி கதவ இழுத்தேன்யா. பூட்டிக் கெடந்துச்சு. உள்ள எம்மக..."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

எதிரே உட்கார்ந்திருந்த சீனியம்மாள் தன் குரலையே வேறு யாருடையதோ போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மெஷின் கோளாறும்மா. மீதி பதிவாகல. திரும்பச் சொல்லணும்" என்றார் புதிதாக வந்திருந்த விசாரணை அதிகாரி.

மெஷின் கோளாறு இல்லை. பதிவு மேசையில் இருந்தவளுக்குத் தெரியும்.

கோப்பு தன் எல்லையைத் தொட்டுவிட்டால், இனி எழுத முடியாது என்று கணினியின் இயங்குதளம் பதிவு செய்யும் நிரலிடம் சொல்லியாக வேண்டும். கணினித் துறையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி அது. முதல் சாட்சியின்போதும் இயங்குதளம் சொன்னது. விடாமல் சொன்னது. கேட்டிருக்க வேண்டிய நிரல், அவள் எழுதியது.

முன்பெல்லாம் பிழை வந்தால் திரையில் ஒரு சிவப்புப் பெட்டி எழும்பும். சாட்சி பேசும்போது இது என்ன தொல்லை என்று அலுவலகத்தில் சலித்துக்கொண்டார்கள். உட்கார்ந்து பார்த்திருந்தால் முறையாகச் சரிசெய்திருக்கலாம். அவள் நிரலில் ஒரே வரி சேர்த்து வேலையை முடித்தாள். எந்தப் பிழை வந்தாலும் விழுங்கிவிடு.

பெட்டி அதன்பின் வரவில்லை. எல்லோரும் பாராட்டினார்கள். அவளும் பூரித்துத்தான் போனாள்.

சீனியம்மாள் முதல்முறை சாட்சி சொன்ன நாளில் பதிவு மேசையில் இவள்தான் இருந்தாள்; 'பதிவாகிறது' என்று திரையில் பச்சையாக எரிந்துகொண்டே இருந்தது. மாதங்கள் கழித்துத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தபோதுதான் மீதி பதிவாகாத விஷயம் தெரிந்தது.

தீப்பெட்டி ஆலையில் தீப்பிடித்த அறைக்குள் மகளைப் பறிகொடுத்தவள் சீனியம்மாள். வேலை நேரத்தில் பெண்கள் வெளியே போகக் கூடாதென்று அந்த அறையை வெளியிலிருந்து பூட்டச் சொன்னது யார் என்று அன்று பெயரோடு சொன்னாள். நடுங்காமல் சொன்னாள்.

முதலாளியின் பெயர்.

அதைக் கேட்ட பழைய அதிகாரி இப்போது உயிரோடு இல்லை. முதலாளியின் வக்கீல் இருக்கிறார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

சீனியம்மாள் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

"பூட்டிக் கெடந்துச்சுய்யா. அம்புட்டுத்தான். யாரு பூட்டச் சொன்னாகன்னு எனக்குத் தெரியாது."

அதிகாரி மறுபடி கேட்டார். மறுபடியும் தெரியாது என்றாள்.

சீனியம்மாளின் மகனுக்கு இப்போது அதே முதலாளியிடம் லாரி ஓட்டும் வேலை. வாசலில் நிற்கிறான். அவனை ஒட்டி முதலாளியின் ஆட்கள் இரண்டு பேர் நிற்கிறார்கள். அவளுக்கு மிஞ்சிய பிள்ளை அவன் ஒருவன்தான்.

இந்தத் தடவை எல்லாம் ஒழுங்காகப் பதிவாகியிருந்தது. இரண்டு 'தெரியாது'வும் தெளிவாக இருந்தன.

மேசைக்குப் பின்னால் இருந்தவள் திரையில் எரிந்த பச்சையைப் பார்த்தாள். அன்றே அந்தப் பெயர் பதிவாகியிருந்தால் இந்தத் தாயை இவர்கள் இப்படி மடக்கியிருக்க முடியுமா? பாவி, ஒரு சிவப்புப் பெட்டிக்குச் சோம்பல்பட்டேனே என்று தன்னையே வைதுகொண்டாள்.

சீனியம்மாள் எழுந்தாள். போகிற வழியில் பதிவு மேசையருகே கொஞ்சம் நின்றாள். வக்கீலுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"அன்னைக்கு நீயும் இங்கனதான இருந்த தாயி?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

"நிறுத்திரலாம்மா" என்றார் அதிகாரி.

அவள் நிறுத்தவில்லை. மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.