ஒத்திகையில் ஒரு சாக்கு

பத்து மணி வெயில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவின் சிமெந்துத் தரையில் கட்டம் கட்டமாகக் கிடக்கிறது. தாய்மார் வேலைக்குப் போனபின் பிள்ளைகளை அங்கே பார்த்துக்கொள்ளும் ஆயா சண்முகவடிவு பெற்றோர் தினத்துக்கு ஒத்திகை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துரையின் மனைவி துரைசாணிக்கு முன்னால் தாய்மார் உட்கார்ந்து கைநீட்ட, ஒவ்வொரு பிள்ளையும் தன் அம்மாவிடம் தவழ்ந்து போகவேண்டும். பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கிவந்த அழகம்மை, கொழுந்து பறிக்கையில் இடுப்பில் சுற்றும் சாக்கைக் கழற்றிக் கதவில் போட்டுவிட்டு, ஞாயிறன்று கட்டப்போகும் கூறைச்சேலையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சேலை இருந்த தகரப்பெட்டியின் பூச்சி உருண்டை வாசம் காம்பரா முழுக்க வீசுகிறது. “வா சாமி, அம்மாகிட்ட வா.” பத்து மாத வைரவன் தவழ்ந்து வருகிறான்; சரிகைக்கு எதிரே நின்று, யாரோ என்று பார்க்கிறான்; அவளைச் சுற்றிக்கொண்டு கதவுக்குப் போய், ஈரச்சாக்கின் நுனியைப் பிடித்து முகத்தைப் புதைத்துக்கொள்கிறான். அழகம்மையின் முகம் சுண்டிப்போகிறது. சண்முகவடிவு குனிந்து சாக்கை மோந்து பார்க்கிறாள். பச்சைக் கொழுந்து, மழை, புளித்த பால். “ஞாயித்துக்கெழம எல்லாரும் அவங்கவங்க சாக்கையும் கட்டிக்கிட்டு வாங்க.” “துரைசாணி சிரிப்பாங்களே, ஆயா?” “சிரிக்கட்டும். புள்ள வரணுமில்ல?” ஒரு நுனி பிள்ளையின் கையிலிருக்க, கதவருகே வந்து உட்கார்ந்த அழகம்மை மறு நுனியை எடுத்துக் கூறைச்சேலைக்கு மேலே சுற்றுகிறாள். பிடித்த நுனியை விடாமல், சாக்கோடு சாக்காக அவள் மடிக்கு ஏறிவருகிறான் வைரவன்.