இரண்டாவது டம்ளர்

நாக்கு மறுபடியும் அந்தக் குழிக்கே போனது.

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி வாரக்கணக்கில் ஆகிறது. குழி தூர்ந்தபாடில்லை. எச்சில் விழுங்கினால்கூடக் காதுவரை வலி இழுக்கிறது.

பல் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு புதிதாக எடுத்த ரத்தச் சோதனைத் தாளைப் பார்த்தார்.

பிடுங்குவதற்கு முன் எடுத்த சோதனையில் அவள் தேறியிருந்தாள். எப்போதும் செய்கிற வேலைதான். சோதனை என்றால் இரண்டு நாள் முன்பே வாயைக் கட்டிவிடுவாள். பாகற்காயும் கோதுமைக் கஞ்சியும்தான். சுகர் நல்ல பிள்ளையாக இறங்கிக் காட்டும்.

இந்தப் புதுச் சோதனை அப்படி ஏமாறாதாம். மூன்று மாதத்துக் கதையையும் ரத்தம் சொல்லிவிடுமாம்.

"மூணு மாசமா அப்படி என்னம்மா சாப்பிட்டீங்க? இப்படியே போனா எலும்பு வரைக்கும் சீழ் வச்சிரும்."

மூன்று மாதம்.

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தும் அவ்வளவு நாள்தான் ஆகிறது.

பக்கத்தில் மகள் நிற்கிறாள். எப்படிச் சொல்வது?

சாயங்காலமானால் காப்பிக்குக் கை தானாக இரண்டு டம்ளர் எடுக்கும். அவளுக்கு ஒன்று, சீனி இல்லாமல். அவருக்கு ஒன்று, தாராளமாகச் சீனி போட்டு. அவருக்குச் சுகர் கிடையாது. அந்தத் திமிரில் அவளைச் சீண்டிக்கொண்டே குடித்த மனுஷன்.

அவருடையதை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். கீழே ஊற்ற மனசு வராது.

அவளே குடித்துவிடுவாள்.

இரண்டு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்தும்போது, அவர் இப்போதுதான் குடித்துவிட்டு வெளியே போனதுபோல இருக்கும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் எல்லாம்.

வீட்டுக்கு வந்ததும் மகள் சீனி டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

சாயங்காலம் வந்தது.

இரண்டு டம்ளர். இரண்டிலும் சீனி இல்லை.

"இன்னைக்கு ஒரு நாள் இப்படியே குடிச்சுக்கிடுங்க."

நாற்காலியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தன்னுடையதைக் குடித்து முடித்தாள். குழியில் சூடு பட்டுத் தெறித்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இருட்டியது. எழுந்து விளக்கைப் போட்டாள்.

அவர் காப்பியில் ஆடை படிந்திருந்தது.

சீனி இல்லாத காப்பியை அவர் தொடவே மாட்டார். அவருக்காக அவளும் தொடவில்லை.

அன்றைக்குக் கழுவுவதற்கு ஒரு டம்ளர்தான் இருந்தது.