கோல்கீப்பரின் மணிக்கட்டு

லாவோஸ் தலைநகர் வியன்டியன் மைதானத்து உடைமாற்றும் அறையில் கோல்கீப்பர் வன்னசோன் இரு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்கிறான். மணிக்கட்டு நிறைய வெள்ளை நூல். பதினான்கு வருஷம் நாட்டுக்காக ஆடியவனுக்கு இன்று கடைசி ஆட்டம். உயிர் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டுமென்று காலையில் தெருவே திரண்டு கட்டிவிட்ட நூல்கள். கையில் எதுவும் இருக்கக் கூடாது என்று நடுவர் சொல்லிவிட்டார். “கத்தரி இருக்குண்ணே, ஒரே நிமிஷம்” என்கிறான் அணியில் இளையவன் ஒருவன். “வெட்டினா கட்டினதே வீண்டா. அவிழு.” நாலு மணி வெயில் ஜன்னல் வழியே விழ, அணியே குனிந்து நகத்தால் முடிச்சுகளைப் பிரிக்கிறது. ஒன்று மட்டும் அசையவில்லை. “எருமையைக் கட்டுற முடிச்சுண்ணே இது. மாமியாரா?” “அம்மா.” சிரித்தவர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். வெளியே எதிரணி வரிசையில் நின்றாகிவிட்டது. மாற்று கோல்கீப்பர் யாரையும் பார்க்காமல் கையுறையை மாட்டத் தொடங்குகிறான். மீகாங் ஆற்றின் அக்கரையில் தாய்லாந்துக்காரரான நடுவர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார். பிறகு விசிலைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, வன்னசோனின் கையை இழுத்து முடிச்சில் பல்லை வைக்கிறார். நூல் மெல்ல நெகிழ்கிறது. அதை அவன் உள்ளங்கையில் வைத்து, “எங்கம்மா இதைவிட இறுக்கிக் கட்டுவாங்க” என்கிறார். “சரி, வெளிய வா. நேரமாச்சு.”