அரைத்தூக்கம்

வீட்டு இணையப் பெட்டிகளை இயக்கும் நிரலில் இரண்டு தூக்கங்கள் இருந்தன. முழுத்தூக்கத்துக்குப் போகும் முன் பெட்டி சற்று நேரம் அரைத்தூக்கத்தில் இருந்து, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்கும். பதில் வந்தால் விழித்துக்கொள்ளும். புதுப் பெட்டிகள் மூச்சை வைத்தே ஆள் இருப்பதை அறிந்துவிடுவதால், அரைத்தூக்கம் இனி வீண் என்று நிரலாளர் ரெஜினா அந்த வரிகளை நீக்கினாள். ஊரெங்கும் மின்சாரம் மிச்சமானது. ஒரே ஒரு புகார் வந்தது.

புகார் கொடுத்தவர் அம்பாசமுத்திரத்தில் தனியாக இருக்கும் சுடலைமுத்து. ரெஜினாவே அவரைக் கூப்பிட்டாள்.

"பெட்டியில என்ன கோளாறுங்க ஐயா?"

"வேலையெல்லாம் நல்லாத்தான் செய்யுது தாயி. ஆனா கேக்க மாட்டேங்குது."

"என்னத்தை?"

"நான் இருக்கேனான்னு. வீட்டுக்காரி போனப்புறம் அது ஒண்ணுதான் கேட்டுக்கிட்டிருந்துச்சு. 'இருக்கேன், எமனுக்கு இன்னும் வழி தெரியலை'ன்னு நானும் சொல்லுவேன்."

நீக்கியதில் பிழை இல்லை. திரும்பச் சேர்க்க அவளுக்கு அனுமதியும் கிடைக்காது. அதை மறைக்காமல் சொன்னாள்.

"சரி தாயி, வச்சிரட்டுமா?"

தனித்திருக்கும் மனிதரைக் கடவுள் ஒரு பெட்டியிடம் மட்டும் ஒப்படைத்திருக்க மாட்டார் என்று ரெஜினாவுக்குப் பட்டது.

"வைக்காதீங்க ஐயா. மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

மறுமுனையில் பாத்திரம் எடுக்கும் ஓசை கேட்டது.

"லைன்லயே இரு தாயி. இனிமேதான் உலை வைக்கணும்."