ஈரப் பெயின்ட்டில் ஒரு கால்

கால்வாயிலிருந்து கரையேற்றிய பழைய இரும்புப் படகின் வயிற்றுக்குள் வெல்டர் குந்தியிருக்கிறார். தரைப்பலகைகள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து வருகின்றன. ஜன்னல் வெயிலில் துருத்தூள் மிதக்கிறது. சுத்தியலால் அடித்தகட்டைத் தட்டிக்கொண்டே நகர்கிறார். ‘ணங்’ என்றால் நல்ல இரும்பு, ‘டொப்’ என்றால் துரு தின்றது. படகுக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தட்டலையும் கேட்கிறாள். இதுதான் அவள் வீடு. எப்படியும் மறுபடி தண்ணீரில் இறங்கியாக வேண்டும். கடைசிப் பலகை விலகுகிறது. கறுப்புப் பெயின்ட்டில் ஒரு வெறுங்கால் தடம், ஐந்து விரலும் அச்சாக. வெல்டர் சிரித்துவிடுகிறார். “யாரும்மா இது? வாசல்ல இருந்து பெயின்ட் அடிச்சுக்கிட்டே வந்து, மூலையில மாட்டிக்கிட்டு ஈரத்து மேலயே தாவியிருக்காரு!” அவளுக்கும் சிரிப்பு வருகிறது. “எங்க வீட்டுக்காரர்தான். எல்லாத்துலயும் அவசரம். போய்ச் சேர்றதுலயும்.” வெல்டரின் சிரிப்பு அடங்குகிறது. தடத்தின் மேல் மெல்லத் தட்டுகிறார். டொப். “இன்னொரு தடவை தட்டுங்கண்ணே.” டொப். “கொஞ்சம் ஓரமா?” டொப். “காகிதமா இருக்கும்மா. இத விட்டு வெச்சா நடுக் கால்வாயில குளிக்க வேண்டியதுதான். வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வைக்கணும்.” கட்டிங் மெஷினின் வயரை உள்ளே இழுக்கிறார். அவள் செருப்பைக் கழற்றுகிறாள். தடத்தின் மேல் தன் காலைப் பதிக்கிறாள். குதிகால் பொருந்துகிறது, விரல்கள் எட்டவில்லை. தகடு சில்லென்றிருக்கிறது. “வெட்டிடுங்கண்ணே,” என்கிறாள். காலை மட்டும் எடுக்கவில்லை.