பழம் சாப்பிட்ட நாட்கள்

பாப்பம்மா சொன்னது பொய் என்றே லோஜினிக்குப் பட்டது.

"போன ஏழு நாள்ல எத்தனை நாள் பழம் சாப்பிட்டீங்க?"

"ஒரு நாளும் இல்லீங்க மிஸ்."

சொல்லிவிட்டு, பூப்போட்ட பீங்கான் தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளிவைத்தாள். தட்டு நிறையப் பழுத்த பப்பாசித் துண்டுகள். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும் என்று லோஜினி இரண்டு துண்டு எடுத்துக்கொண்டாள்.

யார் எவ்வளவு மரக்கறியும் பழமும் சாப்பிடுகிறார்கள் என்று கண்டியிலிருந்து எடுக்கும் கணக்கு அது. அவள் வரப்போவதை முதல் நாளே தேயிலைத் தோட்டத்தில் சொல்லிவைத்திருந்தார்கள். நாவலப்பிட்டிக்கு மேலே ஐந்து தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருந்த இந்த லயத்தில் பத்து வருடத்துக்கு முன்பும் கேட்டிருக்கிறார்கள். பழைய படிவத்தில் ஐந்து வீட்டுக்கும் ஒரே பதில்: தினமும் பழம்.

அன்றைக்குத் தினமும். இன்றைக்கு ஒரு நாளும் இல்லை. கண்ணெதிரே பப்பாசி.

அடுத்த வீட்டுக் கறுப்பையா அவள் உட்காரக் கதிரையைத் துடைத்துப் போட்டார். அங்கேயும் பப்பாசி வந்தது. தட்டுகூட அதே பூப்போட்ட தட்டு. எல்லோரும் ஒரே கடையில் வாங்குகிறார்கள் போலிருக்கிறது.

"கோயில் அர்ச்சனைத் தட்டுல வர்ற வாழைப்பழமும் கணக்குல சேருமா மிஸ்? அப்ப போன மாசம் ஒரு நாள்னு போட்டுக்குங்க."

மூன்றாவது வீடு கலாராணியுடையது. பதிலும் அதேதான், பப்பாசியும் அதேதான்.

படிவத்தின் அடியில் ஒரு கட்டம் இருந்தது: பதில் நம்பத்தக்கதா? 'இல்லை' என்று போட்டால், பழம் கிடைக்காதவர்களுக்கு வீட்டுத்தோட்டம் போடக் கன்றும் வேலிக்கம்பியும் கொடுக்கும் பட்டியலில் இந்த லயம் வராது. லோஜினி பேனையைக் கட்டத்துக்குக் கொண்டுபோனாள். ஆனால் மனம் கேட்கவில்லை.

"ஒண்ணு கேக்குறேன், கோவிக்காதீங்க. பழமே சாப்பிடறதில்லைங்கறீங்க. வீட்டுக்கு வீடு பப்பாசி எங்கேருந்து?"

கலாராணி நிலத்தைப் பார்த்தாள்.

"முந்தி வந்த ஐயாவுக்கும் இப்படித்தாங்க குடுத்தோம். அவரு எங்ககிட்ட ஒண்ணும் கேக்கல. தட்டைப் பார்த்து அவராவே எழுதிக்கிட்டாரு. அப்புறம் கன்னும் வரல, கம்பியும் வரல."

லோஜினி தட்டைப் பார்த்தாள். விளிம்பில் சின்னதாக ஓர் உடைசல். காலையிலிருந்து இந்த உடைசலை அவள் பார்ப்பது மூன்றாவது முறை.

பேனையை மூடிவிட்டுத் தட்டைக் கலாராணி பக்கம் நகர்த்தினாள்.

"இந்தத் துண்டையாவது நீங்க சாப்பிடுங்க."

கலாராணி தட்டை எடுத்து மூடினாள்.

"வேணாங்க மிஸ். இருக்கறது ஒரே பழம். நீங்க இன்னும் ரெண்டு வீட்டுக்குப் போகணும்ல?"